பலெர்மோவில் எங்களைத் தரப்படுத்துவது யார்?

2025 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பலெர்மோவில் ஒரு வாடகை மண்டபம். தமிழ்மொழித் தேர்வில் சித்தியடைந்த பிள்ளைகளுக்குக் கேடயம் வழங்கும் விழா. நாங்கள் மண்டபத்தின் பின்பக்கத்தில் நின்றோம். ஞாயிறுகளில் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் எங்களுக்கு மூன்று மணித்தியாலம் கிடைக்கும். அன்றைக்கு அந்த மூன்று மணித்தியாலத்தில் றோல்ஸ் பொரித்தோம், தேத்தண்ணி ஊற்றினோம், கடதாசிக் கோப்பைகளைப் பொறுக்கினோம். குசினியில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தோம், சம்பளம் மட்டும் இல்லை.

வேறொரு நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் சிறப்புரை ஆற்றினார். கல்விதான் தமிழனின் மூலதனம் என்றார். எழுபதுகளில் தரப்படுத்தல் என்ற பெயரில் அதைப் பறித்தார்கள், அதனால்தான் நாம் இன்று உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறோம் என்றார். மாக்ஸை மட்டும் பார்த்திருந்தால் எங்களை யாரும் வென்றிருக்க முடியாது என்றார். ஆகவே பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் டொக்ரர்களாக, எஞ்சினியர்களாக வந்து பழிதீர்க்க வேண்டும் என்றார். மண்டபம் கைதட்டியது. பழக்கதோசத்தில் நாங்களும் தட்டினோம்.

இரண்டு நாள் கழித்து, எங்களோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் ஏப்ரனுக்குள்ளிருந்து நாலாய் மடித்த ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். அவருடைய மகனுக்கும் அன்று மேடையில் கேடயம் கிடைத்திருந்தது. பொடியன் ஒன்பது வயதில் இங்கே வந்தவன், இப்போது 'தேர்ஸா மெதியா', அதாவது எங்கள் கணக்கில் எட்டாம் வகுப்பு. கடதாசி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. ஆசிரியர்கள் கூடிப் பேசி, இந்தப் பிள்ளைக்குத் தொழிற்கல்விப் பாடசாலை, குறிப்பாக 'அல்பெர்கியேரோ' எனும் ஹோட்டல் பாடசாலை பொருத்தம் என்று எழுதியிருந்தார்கள். பொடியனுக்குக் கணிதத்தில் பத்துக்கு ஒன்பது. இத்தாலிய மொழியில் ஆறு.

"அவங்கள் எழுதிப் போட்டாங்கள். இனி என்ன செய்யிறது? பரவாயில்லை, கையிலை ஒரு தொழில் இருக்கும்தானே" என்றார் அண்ணை.

ஒரு சண்டையில்லை, ஒரு கேள்வியில்லை. இரண்டு நாளைக்கு முதல் தரப்படுத்தலுக்கு எதிராகக் கை சிவக்கத் தட்டிய அதே மனிதர்! இந்தக் கட்டுரை அந்தக் கடதாசியைப் பற்றியது. அதை அவர் ஏன் அப்படி வாசித்தார், நாங்களும் ஏன் முதலில் அப்படியே வாசித்தோம் என்பதைப் பற்றியது.

*

முதலில் தரப்படுத்தல். அதைப் பற்றிப் பேசாமல் எங்களில் எவரும் கல்வியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அது என்னவென்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள்.

நடந்தவை இரண்டு. நாம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம்.

முதலாவது, மொழியை வைத்துச் செய்தது. 1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசு, அடுத்த பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் தமிழ்மொழி மாணவருக்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 229 என்று வைத்தது. பேராதனைப் பொறியியலுக்குத் தமிழில் எழுதியவருக்கு 250, சிங்களத்தில் எழுதியவருக்கு 227. ஒரே நாடு, ஒரே பரீட்சை, இரண்டு வாசல். இது இனவாதம். இதற்கு வேறு பெயர் கிடையாது. தமிழ் மாணவர் பேரவை 1970இல் எழுந்தது இதற்கு எதிராகத்தான். அந்தக் கோபத்தில் ஒரு துளியைக்கூட நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை.

இரண்டாவது, 1974இல் வந்த மாவட்டப் பங்கீடு. இது மொழியைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தது. ஆய்வுகூடம் இல்லாத, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத மாவட்டத்துப் பிள்ளைக்கும் சில இடங்களை ஒதுக்கியது. கொண்டு வந்தவர்களின் நெஞ்சில் என்ன இருந்தது என்று நாம் சந்தேகப்படலாம். சந்தேகப்படுவதற்குக் காரணமும் உண்டு. ஆனால் இதனால் இழந்தவை யாழ்ப்பாணமும் கொழும்பும். வாசல் திறந்தவர்களில் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, மன்னார், வவுனியா, மட்டக்களப்புத் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். மேடைகளில் இந்த வசனம் மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை கெட்டிக்காரனாகவே பிறந்தானா? 1816இல் அமெரிக்க மிசனரிகள் வந்து இறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கியது. அதற்குப் போட்டியாக 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் கண்டார். ஒன்றரை நூற்றாண்டுப் பள்ளிக்கூடங்களும் ஆங்கிலமும் சேர்த்துக் கொடுத்த முந்துதலை நாம் மூளை என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டோம். அந்தப் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயும் எல்லோரும் சமமாக இருந்தார்களா? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் வாங்கில் சம இடம் கொடு என்று உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்து மனுப் போட்டவர்களும் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்களும் யார்? கொழும்பிலிருந்து வந்தவர்களா?

மலையகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1948இல் அவர்களின் பிரஜாவுரிமை பறிபோனது. தோட்டத்தில் ஓராசிரியர் பாடசாலையோடு படிப்பு முடிந்த அந்தப் பிள்ளைகளுக்கு 250 என்ன, 229 என்ன? பந்தயம் ஓடுகிற திடலுக்கே அவர்களை விடவில்லை. எங்களுடைய 'மாக்ஸை மட்டும் பார்' என்ற கோசத்தில் அவர்களுக்கு இடம் இருந்ததா?

இப்போது மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பின்தங்கிய பட்டியலில் முல்லைத்தீவு இருக்கிறது, கிளிநொச்சி இருக்கிறது, மன்னார் இருக்கிறது, நுவரெலியா இருக்கிறது. 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்து எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அவர்களின் தாளையும் கொழும்பில் காற்றாடிக்குக் கீழ் எழுதியவனின் தாளையும் ஒரே தராசில் வைத்து, 'மாக்ஸை மட்டும் பார்' என்று சொல்ல எவருக்காவது வாய் வருமா? வராது. அப்படியானால் மாவட்டப் பங்கீடு எங்கள் பிள்ளைகளைத் தாங்கும்போது நியாயம், மற்றவர்களின் பிள்ளைகளைத் தாங்கும்போது சதி!

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதா, நீட் தேர்வினால் மருத்துவ இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1ஆம் திகதி உயிரை மாய்த்துக்கொண்டபோது நாமும் அழுதோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 வீதம் ஒதுக்கப்பட்டபோது நாமும் மகிழ்ந்தோம். பணக்காரப் பயிற்சி நிலையத்தில் படித்தவனையும் கூலிக்காரன் மகளையும் ஒரே தாளால் அளக்காதே என்பதுதானே அந்த ஒதுக்கீட்டின் பொருள்? அனிதாவுக்காக அழுத கண், முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஏன் வற்றிப் போகிறது?

*

நாங்கள் அந்தப் பரீட்சையின் பிள்ளைகள். 2011 ஆகஸ்டில் உயர்தரம் எழுதினோம். அதற்கு முந்திய இரண்டு வருடமும் எங்களுக்கு விடிந்ததும் ரியூட்டறியில், பொழுதுபட்டதும் ரியூட்டறியில். ஓலைக் கொட்டிலுக்குள் முந்நூறு பேர். முன்வாங்கில் இருந்தவன் எடுபடுவான் என்று மாஸ்ரர் முகத்துக்கு நேரே சொல்வார். பின்வாங்குக்காரன் காசு மட்டும் கட்டினான். 'எடுபட்டவன்', 'எடுபடாதவன்' என்று ஊரில் புதிதாக இரண்டு சாதி இருந்தது. கலியாண வீட்டில் எந்தப் பந்தியில் இருத்துவது என்பதுவரை அது தீர்மானித்தது.

எங்களோடு படித்தவர்களில் சிலர் பெயரை வன்னிப் பாடசாலை ஒன்றில் பதிந்துவிட்டு, யாழ்ப்பாணத்து ரியூட்டறியில் படித்தார்கள். பங்கீட்டைத் திட்டுகிற அதே வீடுகள்தான் பங்கீட்டைத் திருடவும் செய்தன.

2011 பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டக்காரரும் புதிய பாடத்திட்டக்காரரும் சேர்ந்து இருந்தோம். புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரித்தால் வருவது இசட் புள்ளி. மூன்று பாடத்தினதும் சராசரிதான் ஒருவனின் தலைவிதி. 2001 அனுமதியிலிருந்து இதுதான் முறை. ஆனால் அந்த வருடம் இரண்டு வகை மாணவரையும் ஒரே கூட்டமாகக் கலந்து கணக்குப் போட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூனில், வெவ்வேறாகத் திரும்பக் கணக்கிடு என்று நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு முதலில் ஒரு இசட் புள்ளி, ஆறு மாதத்துக்குப் பிறகு இன்னொரு இசட் புள்ளி. முதல் கணக்கில் எடுபட்டோம் என்று கோயிலில் பொங்கியவன் இரண்டாம் கணக்கில் வீட்டுக்குள் முடங்கினான். முதல் கணக்கில் நஞ்சுப் போத்தலைத் தேடியவன் இரண்டாம் கணக்கில் கம்பசுக்குப் போனான். அதே மூளை, அதே தாள்!

அன்றைக்காவது நாங்கள் ஒன்றைப் படித்திருக்க வேண்டும். இந்தப் புள்ளி எங்கள் தலைக்குள் இருப்பதல்ல. யாரோ ஒருவர் ஒரு அறைக்குள் இருந்து போடும் கணக்கு அது. ஆகவே அதைக் கேள்வி கேட்கலாம், வழக்காடலாம், மாற்றலாம். நாங்கள் படிக்கவில்லை. எடுபட்டவர்கள் பொங்கினோம். பிறகு எங்களில் சிலர் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டோம். காரணங்கள் பல, இங்கே அவை தேவையில்லை. இன்று பலெர்மோவின் குசினிகளில் கோப்பை கழுவுகிறோம், கணவாய் துப்புரவாக்குகிறோம். எடுபட்டவனும் எடுபடாதவனும் ஒரே தொட்டிக்குள் கைவைத்து நிற்கிறோம்.

*

இனி அந்தக் கடதாசிக்கு வருவோம்.

இத்தாலியில் பிள்ளையின் பாதை பிரிகிற இடம் பல்கலைக்கழக வாசல் என்று நாம் நினைக்கிறோம். அது பிரிவது பதின்மூன்று வயதில். ஐந்து வருட ஆரம்பப் பாடசாலை, மூன்று வருட 'மெதியா', அதற்குப் பிறகு மூன்று கதவு: 'லிச்செயோ', தொழில்நுட்பப் பாடசாலை, தொழிற்கல்விப் பாடசாலை. எட்டாம் வகுப்பின் நடுவில், டிசம்பர் அளவில், ஆசிரியர்கள் ஒரு கடதாசி தருவார்கள். 'கொன்சீலியோ ஒரியென்ததீவோ' என்று அதற்குப் பெயர். கொன்சீலியோ என்றால் ஆலோசனை. ஆலோசனை மட்டுந்தான்! சட்டப்படி அது பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. ஜனவரியில் இணையத்தில் பதிவு திறக்கும்போது, பெற்றோர் தாம் விரும்பிய பாடசாலையைப் பதியலாம்.

அண்ணைக்கு இது தெரியாது. அன்று இரவு ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தபோது, எங்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கும் தெரியாது. முத்திரை குத்திய கடதாசி எது வந்தாலும் அதை வெட்டுப்புள்ளியாக வாசிக்கப் பழகிவிட்டோம். இனவாத அரசின் தீர்ப்பை எதிர்த்து ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். இங்கே ஒருவர் தந்த ஆலோசனையைத் தீர்ப்பு என்று நினைத்துத் தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறோம்.

ஆசிரியர்களைப் பழிசொல்லி நாங்கள் தப்ப விரும்பவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டவரின் பிள்ளைகள் இத்தாலியப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகத் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள், லிச்செயோவுக்குக் குறைவாகப் போகிறார்கள் என்பதை இந்நாட்டுக் கல்வி அமைச்சின் அறிக்கைகளே ஆண்டுதோறும் காட்டுகின்றன. ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில், வக்கீலின் பிள்ளைக்கு லிச்செயோவும் கோப்பை கழுவுகிறவனின் பிள்ளைக்குக் குசினியும் பொருத்தமாகத் தெரிவது எப்படி? கெட்ட எண்ணம் இல்லாமலேயே இது நடக்கிறது. அன்பாகச் சிரித்துக்கொண்டே நடக்கிறது. 250, 229 என்று எழுதி ஒட்டியிருந்தால் சண்டை பிடிக்கலாம். இங்கே எவரும் எதையும் எழுதி ஒட்டுவதில்லை.

பெற்றோரை ஆசிரியர்கள் சந்திக்கும் நாளில் நாம் எங்கே இருக்கிறோம்? வேலையில். போனாலும் யார் மொழிபெயர்ப்பது? பிள்ளைதான். ஆசிரியை தன்னைப் பற்றிச் சொல்வதை அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை தானே தகப்பனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பாதியை விழுங்கும், மீதியை மெழுகும். 'எல்லாம் ஓகேயாம் அப்பா' என்று முடிக்கும். நாம் 'கிராட்சியே' சொல்லி எழும்பி வருவோம்.

ஹோட்டல் பாடசாலையை நாங்கள் இழிவாகப் பேசுவதாக எவரும் நினைக்க வேண்டாம். குசினியில் நிற்கிற நாங்கள் குசினியை எப்படி இழிவாகப் பேசுவோம்? விரும்பிப் போகிற பிள்ளை தாராளமாகப் போகட்டும். அங்கேயும் ஐந்து வருடம் படித்து 'மத்துரித்தா' பரீட்சை எழுதலாம். அந்தச் சான்றிதழோடு பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். 1969 டிசம்பரில் வந்த 910ஆம் இலக்கச் சட்டம், எந்த வகைப் பாடசாலையில் ஐந்து வருடம் முடித்தவருக்கும் பல்கலைக்கழகக் கதவைத் திறந்துவிட்டது. 1968இன் மாணவர், தொழிலாளர் போராட்டங்கள் பெற்றுத் தந்தவற்றில் இதுவும் ஒன்று. எங்கள் நாட்டில் கதவைச் சாத்துவதற்கு ஓராண்டு முந்தி இங்கே கதவைத் திறந்திருக்கிறார்கள்! திறந்த கதவுக்குள்ளும் போகத் தெரியாமல் நிற்கிறோம். எங்கள் குற்றச்சாட்டு, பொடியனை எவரும் கேட்கவில்லை என்பதுதான். ஆசிரியரும் கேட்கவில்லை. தகப்பனும் கேட்கவில்லை.

*

மேடையில் பேசிய பெரியவர் டொக்ரராகச் சொன்னாரே, அதற்கும் வருவோம். இங்கே டொக்ரராவது எப்படி என்று அவர் ஒரு வசனம் சொல்லவில்லை.

1999இன் 264ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருத்துவம், பல்மருத்துவம், கால்நடை மருத்துவம், தாதியியல் போன்றவற்றுக்கு இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை. வருடக்கணக்காக மருத்துவத்துக்கு நுழைவுப் பரீட்சை இருந்தது. 2013இலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே தரவரிசை. 2025இல் அந்தப் பரீட்சையை எடுத்துவிட்டு, எல்லோரும் முதல் அரையாண்டு படிக்கலாம், பிறகு இரசாயனம், பௌதிகம், உயிரியல் மூன்றிலும் வடிகட்டுவோம் என்றார்கள். நவம்பர் 20ஆம் திகதி முதல் தடவை, டிசம்பர் 10ஆம் திகதி இரண்டாம் தடவை. பாடத்துக்கு 31 கேள்வி, 45 நிமிடம். பௌதிகத்தில் பெரும்பாலானோர் சறுக்கினார்கள். இடங்கள் நிரம்பாது என்ற நிலையில் அமைச்சு நடுவழியில் விதியை மாற்றியது. செய்தியைப் பார்த்தபோது எங்களுக்கு 2011 ஞாபகம் வந்தது. பரீட்சை எழுதியபின் கணக்கை மாற்றுவது கொழும்புக்கு மட்டும் உரிய வித்தை இல்லைப் போலும்.

பரீட்சையின் பெயர் மாறலாம், அதற்குத் தயாராகும் வீடு மாறுவதில்லை. இந்த ஊரில் அது எப்படி வெல்லப்படுகிறது என்பதை எங்களில் நன்றாக அறிந்தவர்கள் யார் தெரியுமா? டொக்ரர்மாரின், வக்கீல்மாரின் வீடுகளைத் துடைக்கும் எங்கள் பெண்கள். எண்பதுகளிலிருந்து பலெர்மோத் தமிழர் அந்த வீடுகளில் வேலை செய்துதான் பிழைத்து வந்தார்கள். எங்கள் அக்கா ஒருவர் இருபது வருடமாக ஒரே வீட்டில். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பதினொரு வயதில் வீட்டுக்கு வந்து கணிதம் சொல்லித் தந்தவரை அவருக்குத் தெரியும். லிச்செயோவின் நாலாம் வருடத்திலேயே காசு கட்டிச் சேர்த்த பயிற்சி வகுப்பைத் தெரியும். மேசையில் குவிந்திருந்த கேள்விக் கொத்துகளைத் தூசி தட்டி அடுக்கியவர் அவர். முதல்முறை தவறியபோது அந்தத் தாய் அழவில்லை, ருமேனியாவில் காசுக்குப் படிக்கலாம் என்று அன்றிரவே போனில் விசாரித்தாள் என்பதையும் அக்கா சொன்னார். பணமுள்ள வீட்டில் வெட்டுப்புள்ளி தீர்ப்பு அல்ல, ஒரு செலவுக் கணக்கு.

எங்கள் விழாக்களில் இந்த அக்காவை ஒருநாளாவது மேடைக்கு அழைத்திருக்கிறோமா? கோலம் போட அழைத்திருக்கிறோம்.

எங்கள் வீடுகளில் தயாரிப்பு வேறுவிதம். பரீட்சைக்கு முந்திய ஞாயிறு மொன்ரே பெல்லெக்றீனோ மலை ஏறிச் சாந்த றொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறோம். சைவமோ வேதமோ, எல்லோரும் ஏறுகிறோம். 1624இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்று இந்த ஊரார் நம்பும் அம்மா, எங்கள் பிள்ளையையும் காப்பாற்றட்டும். நல்லது. ஆனால் மலையிறங்கி வந்து படிவம் நிரப்ப வேண்டியது நாங்கள்.

இன்னொரு நோயும் இருந்தது. இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்ததும் லண்டனுக்குப் போகிறோம், அங்கே பிள்ளை படிக்கும், இந்தப் பள்ளிக்கூடத்தை ஏன் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்தோம். பல குடும்பங்கள் அப்படிப் போகவும் செய்தன. 2021 ஜனவரி 1ஆம் திகதியோடு அந்தப் பாதையும் அடைபட்டுப் போயிற்று. ஆனாலும் எங்கள் மனம் இன்னும் பெட்டியைப் பிரித்து அடுக்கவில்லை.

அதனால்தான் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதும் தெரிவதில்லை. பிரஜாவுரிமை இல்லாத பிள்ளை பல்கலைக்கழகம் போக முடியாது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய். 1998இன் குடிவரவுச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, வேலை, குடும்பம், அகதித்தஞ்சம் என்பவற்றுக்கான வதிவிட அனுமதி உள்ளவர் இத்தாலிய மாணவரோடு சமமாகவே போட்டியிடலாம். காசு இல்லை என்கிறார்கள். குடும்ப வருமானத்தையும் சொத்தையும் கணக்கிடும் 'ஈசே' என்ற பத்திரம் 22,000 யூரோவுக்குக் கீழ் இருந்தால், அரச பல்கலைக்கழகத்தில் முதல் வருடக் கல்விக் கட்டணம் இல்லை. பலெர்மோவில் 'எர்சு' என்ற நிறுவனம் உதவிப்பணமும் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கிறது. ஆனால் அதற்கான அறிவித்தல் வருவது கோடையில். நாங்கள் இரண்டு ஆட்களின் வேலையை ஒரு ஆளாய்ச் செய்யும் உல்லாசப் பயணிகளின் காலத்தில். படிவத்தின் கடைசித் திகதி எங்கள் ஓவர்டைமுக்குள் செத்துப் போகிறது.

இன்னொன்று. இங்கே பிறந்து இடைவிடாமல் வளர்ந்த பிள்ளை, 1992இன் சட்டப்படி, பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட ஒரே ஒரு வருடத்துக்குள் போய்ச் சொன்னால் பிரஜை. அந்த வருடம் தப்பினால் பெரியவர்களைப் போல வரிசையில் நிற்க வேண்டியதுதான். இதையும் மேடையில் எவரும் சொன்னதில்லை.

*

ஆகவே எங்கள் வாதம் இதுதான். பலெர்மோவில் நாம் யாழ்ப்பாணம் இல்லை. பலெர்மோவில் நாம் பின்தங்கிய மாவட்டம். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலை நாம்தான். எங்கள் பிள்ளைக்குச் சமமான தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது, அவன் ஓடத் தொடங்கிய கோட்டையும் பார் என்று கேட்க வேண்டிய இடத்தில் நிற்கிறோம். அப்படிக் கேட்பதற்கு முதலில், ஐம்பது வருடமாக 'மாக்ஸை மட்டும் பார்' என்று நாம் மற்றவர்களுக்குச் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். மொழிவாரித் தரப்படுத்தலை எதிர்த்தது சரி. அந்த எதிர்ப்பின் நிழலில் மன்னாரையும் மலையகத்தையும் எங்கள் ஊரின் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளையும் மறைத்தது பிழை. இதைச் சொன்னால் துரோகி என்பார்கள். சொல்லட்டும். கோப்பை கழுவுகிறவனுக்கு அந்தப் பட்டத்தால் சம்பளம் குறையாது.

விழா எடுக்கிறவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த விழாவில் சிறப்புரை வேண்டாம். அந்த அக்காவை மேடையில் இருத்தி, தான் துடைத்த வீட்டில் கண்டதைச் சொல்லச் சொல்லுங்கள். இங்கே பல்கலைக்கழகம் முடித்த எங்கள் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். தாதியானவள், கணக்காளனானவன், பாதியில் விட்டவன் எல்லோரையும் கூப்பிடுங்கள். பாதியில் விட்டவனைக் கட்டாயம் கூப்பிடுங்கள், எந்தக் கல் தட்டுப்பட்டு விழுந்தோம் என்று அவனுக்குத்தான் தெரியும். சனிக்கிழமைகளில் மண்டபத்தைத் திறந்து, ஈசே பத்திரத்துக்கு என்ன கடதாசி வேண்டும், பதிவு எப்போது மூடும் என்று சேர்ந்து வாசிப்போம். ஆசிரியரைச் சந்திக்கும் நாளில், மொழி தெரிந்த ஒருவர் பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோரோடு போகட்டும்.

அண்ணையின் மகனிடம் கடைசியில் நாங்கள் கேட்டோம். "லிச்செயோ சயன்ரிபிக்கோ" என்றான். தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ஜனவரியில் ஒரு இரவு, அடுப்புத் துடைத்து நிலம் கழுவியபின், பன்னிரண்டரை மணிக்கு நாலு பேர் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி நின்று பதிந்தோம். அண்ணைக்கு அரசாங்கத்தின் இணையக் கடவுச்சொல் எடுத்துக் கொடுக்கவே இரண்டு கிழமை பிடித்தது. பொடியன் அங்கே தாக்குப் பிடிப்பானா, முதல் வருடமே சறுக்குவானா, எங்களுக்குத் தெரியாது. இத்தாலிய மொழியில் அவனுக்கு ஆள் தேவை. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பல்கலைக்கழக மாணவி வர ஒப்புக்கொண்டிருக்கிறாள், காசு நாங்கள் பங்கு போடுகிறோம்.

மண்டபக்காரரிடமும் விசாரித்தோம். ஒரு வருடத்துச் சனிக்கிழமைப் பின்நேரங்களுக்கு அவர் சொன்ன வாடகை, அன்றைய கேடயங்களுக்கும் சிறப்பு விருந்தினரின் விமானச் சீட்டுக்கும் போன காசைவிடக் குறைவு. விழாக்குழு பதில் சொல்லட்டும். மற்ற ஊர்களில் இருப்பவர்களும் எழுதுங்கள்.